காலிகா: 1871 பாரிஸ் பேப்பரை நாளுக்கு ஒண்ணா 72 நாள் படிச்சேன்

இந்த வருஷம் மார்ச் 18ல இருந்து மே 28 வரைக்கும் தினம் காலையில காபி கையில எடுத்ததும் நான் திறந்தது 1871ஆம் வருஷத்து பாரிஸ் பேப்பர். அந்த வருஷம் அதே 72 நாள் பாரிஸ் ஜனங்களே ஊரக் கையில எடுத்து நடத்தி, கடைசியில தோத்துப்போன அரசாங்கத்துக்குப் பேர்தான் பாரிஸ் கம்யூன். இன்னிக்கு ஏப்ரல் 20ன்னா அந்த வருஷம் ஏப்ரல் 20 பேப்பர் மட்டும்தான், அடுத்த நாளுக்குத் தாவக்கூடாதுன்னு எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வெச்சுக்கிட்டேன். அப்படிப் படிக்க முடிஞ்சது காலிகாவால. ஃப்ரான்ஸோட தேசிய நூலகம் 1997ல ஆரம்பிச்ச டிஜிட்டல் நூலகம் அது, புத்தகம், பேப்பர், படம், மேப், போஸ்டர் எல்லாம் சேத்து ஒரு கோடிக்கு மேல ஆவணம் இருக்கு, படிக்க ஒரு பைசா வேணாம், அக்கவுண்ட் கூட வேணாம். தமிழ்ல யாரும் இதப் பத்தி விவரமா எழுதி நான் பாக்கல, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமாதான் போகும்.

ஏன் இப்படிப் படிச்சேன்னு சொல்லிடறேன். தோத்துப்போன புரட்சிகளப் பத்திப் படிக்கறது எனக்கு காலேஜ் நாள்லேர்ந்தே பழக்கம். 1848ல ஐரோப்பா முழுக்க எழுந்து அடங்கினது, ரஷ்யாவுல 1905, ஜெர்மனியில 1919 ஜனவரி, இதெல்லாம் கையில கிடைச்ச புத்தகத்துல எல்லாம் படிச்சிருக்கேன். ஆனா எல்லாத்துலயும் ஒரே விஷயம் என்ன உறுத்திக்கிட்டே இருந்துச்சு. முதல் பக்கத்துலயே இவங்க தோக்கப் போறாங்கன்னு தெரிஞ்சுடுது, அதனால அவங்க செஞ்சது ஒவ்வொண்ணும் "இது ஒரு தப்பு, இது ரெண்டாவது தப்பு"ன்னு கணக்குப் பாக்கற மாதிரியே போகும். அந்த ஜனங்களுக்கு அன்னிக்கு காலையில முடிவு தெரியாதுல்ல? அடுத்த வாரம் இருப்போம், அடுத்த வருஷம் இருப்போம்னு நெனச்சுத்தானே பள்ளிக்கூடத்துக்கு சட்டம் போட்டாங்க, அடகுக்கடைக்கு சட்டம் போட்டாங்க. அந்த நெனப்போட அவங்க கூடவே உக்காந்து படிக்கணும்னு எனக்கு ஆசை. அதுக்கு நாள் பேப்பர விட்டா வேற வழி இல்ல.

எனக்கு ஃப்ரெஞ்ச் ஓரளவு வரும். புதுச்சேரியில முத்தியால்பேட்டைதான் எங்க ஊரு, பள்ளிக்கூடத்துல ஃப்ரெஞ்ச் எடுத்தேன், அப்புறம் ரோமென் ரோலான் நூலகத்துல உக்காந்து படிச்சு படிச்சு கொஞ்சம் தேறிச்சு. இருந்தாலும் 150 வருஷத்துக்கு முந்தின பேப்பர் ஃப்ரெஞ்ச் வேற மாதிரி. மாட்டிக்கிட்ட இடத்துலல்லாம் எங்க தெரு சொல்தா தாத்தாகிட்ட போவேன். ஃப்ரெஞ்ச் ராணுவத்துல இருந்து அல்ஜீரியா வரைக்கும் போயிட்டு வந்தவர், கண்ணு மங்கிடுச்சு, ஆனா நான் வாசிச்சா காதால கேட்டே அர்த்தம் சொல்லிடுவார்.

காலிகா வேலை செய்யற விதம் ரொம்ப எளிமை. பேப்பர் பேரைப் போட்டுத் தேடினா முதல்ல வருஷம் வரும், வருஷத்தத் தொட்டா காலண்டர் விரியும், பேப்பர் வந்த தேதியெல்லாம் தொடற மாதிரி இருக்கும், வராத தேதி சும்மா நம்பரா நிக்கும். தேதியத் தொட்டா அன்னிய முழு பேப்பரோட ஸ்கேன் திறக்கும், எழுத்தோட ஓரத்துல மை கசிஞ்சிருக்கறது வரைக்கும் பெருசாக்கிப் பாக்கலாம், பிடிஎஃப்பா இறக்கி வெச்சுக்கலாம். நெறைய ஆவணத்துக்கு எழுத்து வடிவமும் குடுத்திருக்காங்க, அதக் காப்பி பண்ணி அகராதியிலயோ மொழிபெயர்ப்பு ஆப்லயோ போட்டுப் பாக்கலாம். சொந்தப் படிப்புக்கு எந்தத் தடையும் இல்ல, வியாபாரத்துக்குப் பயன்படுத்தணும்னாதான் தனியா அனுமதி வாங்கணும்.

இந்த காலண்டர்தான் என்ன இழுத்துப் போட்டுச்சு. ஜூல் வலெஸ் நடத்தின "லெ க்ரி து பெப்ல்", மக்களின் கூக்குரல்னு சொல்லலாம், 5 சென்ட்டீம் விலை, 1871 பிப்ரவரி 22ல ஆரம்பிச்சு மொத்தமே 83 இதழ்தான் அப்ப வந்துச்சு. காலண்டர்ல மார்ச் 12க்கு அப்புறம் ஒரு ஓட்டை. அப்ப பாரிஸ்ல அரசாங்கப் படைக்குத் தலைவரா இருந்த ஜெனரல் வினுவா ஒரே உத்தரவுல 6 பேப்பர மூடினார், அதுல இதுவும் ஒண்ணு. திரும்பி வந்தது மார்ச் 21. நடுவுல மூணு நாள் முன்னாடிதான் பாரிஸ் கைமாறிடுச்சு. புத்தகத்துல "பத்திரிகைகள் தடை செய்யப்பட்டன"ன்னு ஒரு வரியில கடந்துபோற விஷயத்த, காலியா நிக்கற தேதியா கண்ணால பாக்கறப்ப அது வேற.

காலிகாவுக்கு வர்றதுக்கு முன்னாடி எனக்கு நடந்த ஒண்ணச் சொல்லணும், ஏன்னா நிறைய பேர் இதுல ஏமாந்துட்டு இருக்கீங்க. கம்யூன் காலத்து அரசாங்க கெஜட்டோட மறுபதிப்புன்னு ஒரு ஆன்லைன் கடையில பாத்து ஆயிரத்துச் சொச்சம் ரூபா குடுத்து ஆர்டர் போட்டேன். மூணு வாரம் கழிச்சு வந்துச்சு. பக்கமெல்லாம் கோணலா நிக்குது, சில பக்கத்துல ஸ்கேன் பண்ணவங்க விரலே தெரியுது, நடுவுல 16 பக்கம் காணோம், ஏப்ரல் கடைசி வாரம் பாதி போச்சு. திருப்பி எடுத்துக்க மாட்டோம்னுட்டாங்க. அந்த மாதிரி கடைங்க செய்யறது என்னன்னா நெட்ல இலவசமா கெடக்கற பழைய ஸ்கேன எடுத்து அட்டை போட்டு விக்கறது, பக்கம் சரியா இருக்கான்னு ஒருத்தரும் பாக்கறதில்ல. காப்புரிமை முடிஞ்ச பழைய புத்தகம் எதையும் காசு குடுத்து வாங்கறதுக்கு முன்னாடி காலிகா மாதிரி இடத்துல ஒரு தடவ தேடிடுங்க. அந்த கெஜட்ட 1871 மே வரைக்கும் முழுசா நான் படிச்சது இங்கதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். 1870 செப்டம்பர்ல பேரரசன் மூணாம் நெப்போலியன் செதான்ல ஜெர்மன் நாடான ப்ரஷ்யாகிட்ட சரணடைஞ்சான், பாரிஸ்ல குடியரசு அறிவிச்சாங்க, அப்புறம் ப்ரஷ்யா படை நாலு மாசத்துக்கு மேல ஊரச் சுத்தி முற்றுகை போட்டுச்சு. ஜனவரியில ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் ரொட்டிதான், அதுலயும் அரிசி, ஓட்ஸ், தவிடு எல்லாம் கலந்து. குதிரை தின்னாங்க, எலி தின்னாங்க, மிருகக்காட்சி யானைய வெட்டி வித்தாங்க. அப்படிப் பசி கெடந்து காப்பாத்தின ஊர, கடைசியில தியேர்ங்கறவர் தலைமையில வந்த புது ஃப்ரெஞ்ச் அரசாங்கம் சமாதானம் பேசி ஒப்படைக்குது, அதுக்கு மேல முற்றுகை காலத்து வாடகை பாக்கியையும் கடன் பாக்கியையும் இப்பவே கட்டுன்னு சட்டம் வருது. ஊர் ஜனங்களே சேந்த காவல் படையான நேஷனல் கார்டு ஆளுங்களுக்கு ஒரு நாள் கூலி ஒண்ணரை ஃப்ராங்க், பல வீட்டுல அடுப்பு எரிஞ்சது அந்தக் காசுலதான், அதுலயும் கை வெச்சாங்க. ஜனங்க காசு போட்டு வாங்கின பீரங்கி 170 கிட்ட மோன்மார்த்ர் மேட்டுல இருந்துச்சு. மார்ச் 18 விடியக்காலையில அத எடுத்துட்டுப் போக தியேர் படைய அனுப்பினார். படை வந்துடுச்சு, பீரங்கிய இழுக்க வேண்டிய குதிரை வரல. காத்துட்டு நிக்கறப்ப பால் வாங்க வந்த பொம்பளைங்க பாத்துட்டாங்க, மணி அடிச்சாச்சு, கூட்டம் சேந்துடுச்சு. ஜெனரல் லெகோந்த் சுடச் சொல்றார், சிப்பாய் சுடல. துப்பாக்கியத் தலைகீழாப் பிடிச்சுட்டு கூட்டத்தோட கலந்துட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே லெகோந்தையும் இன்னொரு ஜெனரலையும் கூட்டம் சுட்டுக் கொன்னுடுச்சு. தியேர் அரசாங்கத்தோட பாரிஸுக்கு வெளிய இருக்கற வெர்சாய்ங்கற ஊருக்குக் கிளம்பிட்டார்.

26ஆம் தேதி தேர்தல், 2 லட்சத்து 29 ஆயிரம் பேர் கிட்ட ஓட்டுப் போட்டாங்க. 28ஆம் தேதி நகர மண்டபத்து வாசல்ல கம்யூன அறிவிச்சாங்க. அந்த வாரத்துப் பேப்பர வாசிக்கறப்ப எனக்கு நெஞ்சு பொங்கிடுச்சு, மறைக்க விரும்பல. முடிவு தெரிஞ்ச நானே அந்த நாள்ல சந்தோஷப்பட்டேன்.

அதுக்கப்புறம் நான் அதிகமா உக்காந்தது கம்யூனோட அரசாங்க கெஜட்ல, ஜூர்னால் ஒஃபிசியேல்னு பேரு. அதுல சண்டைச் செய்தியும் இருக்கு, அறிவியல் கழகத்துக் கூட்டத்துல யாரு என்ன கட்டுரை வாசிச்சாங்கன்னும் இருக்கு. பீரங்கி விழுந்துட்டிருக்கற ஊர்ல அதையும் அச்சடிச்சு வெளியிடறாங்க. வாடகை மூணு தவணை தள்ளுபடி, மதமும் அரசும் தனித்தனி, அதிகாரி யாரா இருந்தாலும் வருஷத்துக்கு 6,000 ஃப்ராங்குக்கு மேல சம்பளம் கிடையாது, முதலாளி விட்டுட்டு ஓடின பட்டறைய கணக்கெடுத்து தொழிலாளி சங்கத்துகிட்ட குடு, வேலைக்காரனுக்கு அபராதம் போட்டு கூலியப் பிடிக்காத. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நாள் காலையில வருது.

ஏப்ரல் 20 உத்தரவுலதான் நான் நின்னுட்டேன். பேக்கரியில ராத்திரி வேலை கூடாது. ரெண்டே வரி.

எங்க அப்பா 31 வருஷம் பேக்கரியில ராத்திரி வேலை பாத்தவர். ராத்திரி பத்தரைக்கு சைக்கிள எடுப்பார், விடிஞ்சு ஆறரைக்கு வருவார், சட்டை, முடி, காது மடல் எல்லாம் மாவு. நாங்க எழுந்திரிக்கற நேரத்துக்கு அவர் படுப்பார். பகல்ல வீட்டுல சத்தமா பேசக்கூடாதுன்னுதான் நானும் தங்கச்சியும் வளந்தோம். அந்த ரெண்டு வரிய அப்பாவுக்கு தமிழ்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் கேட்டது, "அஞ்சு மணிக்கு மேல மாவு பெசஞ்சா ஏழு மணிக்கு ரொட்டி எப்படி வரும்?" அடுத்தது, "கூலியக் கொறைச்சானா?"

இந்த முதல் கேள்வியதான் பாரிஸ்ல பேக்கரி முதலாளிங்க கேட்டாங்க. ஏப்ரல் 28 கூட்டத்துல கம்யூன் உறுப்பினருங்களே கூட ரெண்டா பிரிஞ்சு பேசறாங்க, தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவுல நாம போகலாமான்னு சில பேருக்கு சந்தேகம். லியோ ஃப்ராங்கெல் எந்திரிச்சுப் பேசறார். ஹங்கேரியில பொறந்த நகைத் தொழிலாளி அவர், தொழிலாளர் துறை அவர்கிட்ட இருந்துச்சு. கம்யூன் இதுவரைக்கும் போட்டதுலயே உண்மையான சோஷலிச உத்தரவு இது ஒண்ணுதான்னு சொல்லி விடாம நிக்கறார். மே 3ல அமலுக்கு வருது. காலையில 5 மணிக்கு முன்னாடி சுட்ட ரொட்டிய பறிமுதல் பண்ணி ஏழைங்களுக்குக் குடுக்கணும்னு விதி. கம்யூன் விழுந்ததோட அந்த உத்தரவும் போச்சு. ஃப்ரான்ஸ்ல பேக்கரி ராத்திரி வேலைக்கு சட்டப்படி தடை வந்தது 1919ல. 48 வருஷம் ராத்திரி ராத்திரியா மாவு பெசஞ்சிருக்காங்க. அப்பாகிட்ட இதையும் சொன்னேன், "வந்துச்சுல்ல"ன்னார். வேற ஒண்ணும் சொல்லல.

அடகுக்கடை உத்தரவும் அந்த மாதிரிதான். 20 ஃப்ராங்குக்கு உள்ள அடகு வெச்ச துணி, படுக்கை, புத்தகம், தொழில் கருவி எல்லாம் சும்மா திருப்பிக் குடுக்கணும்னு மே 6ல முடிவாகுது. அவ்வளவு பேர் வெச்சிருந்ததால சீட்டுக் குலுக்கி வரிசைப்படி குடுக்கறாங்க, மே 12ல ஆரம்பம். தையக்காரம்மா கத்திரிக்கோல அடகு வெச்சுட்டா அவங்க எத வெச்சு வேலை செஞ்சு மீட்பாங்க? முற்றுகை குளிர்ல போர்வைய அடகு வெச்சவங்க எத்தன பேரு. மே 12 தேதியப் படிக்கறப்ப எனக்கு வயித்துல ஏதோ பிசைஞ்சுச்சு, ஏன்னா நாள் எண்ணிட்டு இருக்கேன்ல, வெர்சாய் படை ஊருக்குள்ள நுழைய இன்னும் 9 நாள்தான் இருக்குன்னு எனக்குத் தெரியும், வரிசையில நின்னவங்களுக்குத் தெரியாது.

ஏன் தோத்தாங்கங்கறத நான் ஒதுக்கல. பேப்பரோட சேத்து, அங்க தெருவுல சண்டை போட்டு தப்பிச்சு வெளிநாடு போன ஒரு பத்திரிகைக்காரர் எழுதின வரலாற்றையும் பக்கத்துலயே வெச்சுப் படிச்சேன், அதுவும் இங்கயே இருக்கு. தியேர் படை குழம்பிக் கெடந்த மார்ச் மாசமே வெர்சாய்க்குப் போயிருக்கணும்னு சொல்வாங்க. போனது ஏப்ரல் 3. மோன் வலேரியன் கோட்டை நம்ம மேல சுடாதுன்னு நம்பிட்டுப் போனாங்க, சுட்டுச்சு. கம்யூன் படைத் தலைவருங்க ஃப்ளூரன்ஸையும் துவாலையும் பிடிச்சு அங்கயே கொன்னுட்டாங்க. இன்னொண்ணு பேங்க். ஃப்ரான்ஸ் பேங்கோட பணமெல்லாம் பாரிஸ் நடுவுல இருந்துச்சு, கம்யூன் தொடல. கேட்டு வாங்கினது ஒரு கோடியே 67 லட்சம் ஃப்ராங்க் கிட்ட, அதுலயும் பாதிக்கு மேல நகராட்சியோட சொந்தக் கணக்குல இருந்த காசு. அதே பேங்க் வெர்சாய்க்குக் குடுத்தது 25 கோடிக்கு மேல. கூலி, சோறு, துப்பாக்கி எல்லாம் அந்தப் பணத்துல வெர்சாய்க்குப் போச்சு. மார்செய், லியோன், நார்போன் மாதிரி ஊர்கள்லயும் கம்யூன் அறிவிச்சாங்க, மார்செய்ல ஏப்ரல் 4ல பீரங்கி வெச்சு முடிச்சுட்டாங்க. பாரிஸ் தனியா நின்னுச்சு. போர்ல பிடிபட்ட ஃப்ரெஞ்ச் சிப்பாய்ங்கள ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க் விடுதலை பண்ணி அனுப்ப அனுப்ப வெர்சாய் படை ஒரு லட்சத்த தாண்டிடுச்சு.

மனசுக்கு கஷ்டமானதும் இருக்கு. நான் நேசிக்கற ஜனங்களும் பேப்பர மூடினாங்க, எதிர்த்து எழுதின பேப்பர ஆரம்பத்துலயே மூடினாங்க, மே 18ல ஒரே நாள்ல பத்து. மே 1ல, அதிகாரத்த சில பேர் கையில குடுக்கற பொதுப் பாதுகாப்புக் குழுன்னு ஒண்ணு அமைக்க ஓட்டெடுப்பு நடக்குது, 45க்கு 23. எதிர்த்த பக்கத்துல வலெஸ், வர்லேன் மாதிரி ஆளுங்க. பிணைக் கைதி சட்டம் ஏப்ரல்லயே போட்டாச்சு. ஆர்ச்பிஷப் தார்புவாவ விட்டுடறோம், உங்க ஜெயில்ல இருக்கற புரட்சித் தலைவர் ப்ளாங்கிய குடுங்கன்னு கம்யூன் கேட்டுச்சு, தியேர் மறுத்துட்டார், மே 24ல ஆர்ச்பிஷப்ப சுட்டுட்டாங்க. நாள் பேப்பர் படிச்சா இதையெல்லாம் தாண்டிப் போக முடியாது, எதுத்தாப்புலயே வந்து நிக்கும்.

ஒரு நாள் தாத்தாகிட்ட ஏப்ரல் பேப்பர் வாசிக்கறப்ப அல்ஜீரியான்னு வந்துச்சு. அதே மார்ச்ல கபிலி மலையில மொக்ரானிங்கறவர் தலைமையில ஃப்ரான்ஸுக்கு எதிரா பெரிய எழுச்சி. மே 5ல மொக்ரானி சண்டையில செத்தார். கம்யூன் தோத்தவங்களையும் கபிலி தோத்தவங்களையும் பசிபிக் கடல்ல ஃப்ரான்ஸ் கையில இருந்த ஒரே நியூ கலெடோனியா தீவுக்கு நாடு கடத்தினாங்கன்னு சொன்னேன். தாத்தா ரொம்ப நேரம் பேசல. "நான் அந்த மலையில இருந்திருக்கேன் பாப்பா, எங்களுக்கு ஒருத்தன் சொல்லலியே"ன்னார். அன்னிக்கு அதுக்கு மேல வாசிக்க வேணாம்னுட்டார். அந்தத் தீவுல 1878ல அந்த மண்ணோட பூர்வகுடிகளான கனாக் மக்கள் எழுந்தப்ப நாடு கடத்தப்பட்டவங்கள்ல பல பேர் ஃப்ரெஞ்ச் அரசாங்கம் பக்கமே நின்னாங்க, கம்யூன்ல இருந்து நாடு கடத்தப்பட்ட லூயிஸ் மிஷேல் கனாக் பக்கம் நின்னாங்க. டீச்சர் அவங்க. இத மறுநாள் தாத்தாகிட்ட சொன்னேன், அந்தப் பேர ரெண்டு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டார்.

பயன்படுத்தப் போறவங்களுக்கு சில விஷயம். முகப்பு ஃப்ரெஞ்ச்லயும் இங்கிலீஷ்லயும் கெடைக்கும், தமிழ் இல்ல. ஃப்ரெஞ்ச் சுத்தமா தெரியாதவங்க படம், போஸ்டர், மேப்லேர்ந்து ஆரம்பிக்கலாம். எழுத்து வடிவம் மெஷின் படிச்சது, 1871 பேப்பர் மட்டமான தாள்ல அச்சானது, அதனால தேஞ்ச எடத்துல எழுத்து மாறி நிக்கும், ஸ்கேனோட ஒப்பிட்டுப் பாத்துதான் படிக்கணும். மொழிபெயர்ப்பு ஆப் மட்டும் நம்பாதீங்க, "ஃபெதெரே"ன்னு வந்தா அது நேஷனல் கார்டு ஆள், ஆப் என்னென்னமோ கூட்டாட்சின்னு குடுக்குது. தேதியிலயும் குழம்பாதீங்க, மே மாசம் "ஃப்ளொரேயால், ஆண்டு 79"னு போட ஆரம்பிச்சுடுவாங்க, 1790கள்ல வந்த பழைய புரட்சி காலண்டர் அது. "பேர் துஷேன்"ங்கற இன்னொரு பேப்பர் ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான் போடும், கூடவே வாய் நெறைய வசவு, தாத்தாவே சில வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல மாட்டேன்னுட்டார். இறக்கி வெச்ச பிடிஎஃப் ரொம்ப கனம், நான் வெச்சிருந்த பழைய டேப்லட் பெருசாக்கறப்பல்லாம் நின்னுபோச்சு, லேப்டாப்புக்கு மாறினதும்தான் சரியாச்சு. முடிஞ்சா பெரிய ஸ்க்ரீன்ல பாருங்க.

படங்களுக்கு தனியா ஒரு நாள் ஒதுக்குங்க. அரசாங்க போஸ்டர் மட்டும்தான் வெள்ளைத் தாள்ல ஒட்டலாம்னு ஃப்ரான்ஸ்ல சட்டம், அதனால கம்யூன் போஸ்டரெல்லாம் வெள்ளை. இதுவும் ஒரு அரசாங்கம்னு சுவத்துல எழுதி வெச்ச மாதிரி. வாந்தோம்ங்கற சதுக்கத்துல நெப்போலியன் தூண மே 16ல சாய்ச்சாங்க, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுத்த ஃபோட்டோ இருக்கு. அந்தக் காலத்து கேமராவுக்கு பல நொடி அசையாம நிக்கணும், அதனால நின்னவங்க முகம் தெளிவா இருக்கும், அசைஞ்சவங்க புகையா இருப்பாங்க. தடுப்பரண் மேல ஏறி மார நிமித்தி நிக்கறாங்க, கடைப் பையன், சமையக்காரர், கைக்குழந்தையோட ஒரு அம்மா. அப்புறம் அந்த மாதிரி ஃபோட்டோவ வெச்சே போலீஸ் ஆள அடையாளம் பிடிச்சுது. இது தெரிஞ்சதுக்கப்புறம் தெளிவா இருக்கற முகத்தப் பாக்க எனக்கு கஷ்டமா போச்சு. ஒவ்வொரு படத்துலயும் புகையா இருக்கறவங்களத் தேடிட்டு இருந்தேன்.

கடைசி வாரம். மே 21 ஞாயித்துக்கிழமை துய்லரி தோட்டத்துல விதவைகளுக்கும் அனாதைப் பிள்ளைங்களுக்கும் நிதி திரட்ட கச்சேரி. முடியறப்ப ஒரு அதிகாரி மேடையேறி, தியேர் பாரிஸுக்குள்ள வருவேன்னார், வரல, வரவும் மாட்டார், அடுத்த ஞாயிறு 28ஆம் தேதி இதே இடத்துல மறுபடி கச்சேரி, எல்லாரும் வாங்கன்னு கூப்பிட்டார். அதே மத்தியானம் காவல் இல்லாத மேற்கு வாசல் வழியா படை உள்ள நுழைஞ்சுடுச்சு. மறுநாள் கம்யூனோட போர்ப் பொறுப்புல இருந்த தெலெக்லூஸ் போஸ்டர், பட்டாளத்து அதிகாரம் போதும், இனி சட்டைக் கைய மடிச்சுவிட்ட மக்களே சண்டை போடட்டும்னு. ஆளாளுக்கு அவங்கவங்க தெருவக் காப்பாத்தப் போயிட்டாங்க, ஊர் மொத்தத்தையும் சேத்துப் பாக்க ஆளே இல்ல. 25ஆம் தேதி அந்த கிழவர் அதிகாரிப் பட்டையக் கட்டிக்கிட்டு தானே தடுப்பரண் மேல ஏறிச் செத்தார். 28ஆம் தேதி பெர் லஷேஸ் கல்லறை சுவத்துல 147 பேரை நிக்க வெச்சு சுட்டாங்க. வர்லேன், புத்தகம் பைண்ட் பண்ற தொழிலாளி, அவரையும் அன்னிக்குத்தான் பிடிச்சு தெருத்தெருவா அடிச்சு இழுத்துட்டுப் போயி, மார்ச் 18ல ஜெனரல்களை சுட்ட அதே ரோஸியே தெருவுல சுட்டாங்க. அந்த வாரம் மொத்தம் செத்தவங்க 7,000ன்னு சொல்ற ஆய்வாளருங்களும் இருக்காங்க, 20,000க்கு மேலன்னு சொல்றவங்களும் இருக்காங்க. பிடிபட்டவங்க 40,000க்கு மேல. பொது மன்னிப்பு 1880 ஜூலையிலதான்.

யாருக்கு சொல்வேன்னா, வரலாறு படிக்கற பிள்ளைங்க, ஃப்ரெஞ்ச் கத்துக்கறவங்க, பத்திரிகை வேலையில இருக்கறவங்க, கண்டிப்பா ஒரு தடவையாவது ஒரு மாசத்த எடுத்து நாளுக்கு ஒண்ணா படிங்க. அவசரமா ஒரு தகவல் மட்டும் வேணும்னா இது சரிப்படாது, ஒரு பக்கம் படிக்க எனக்கே முக்கா மணி நேரம் ஆச்சு. 5க்கு 4.5 குடுப்பேன், அர மார்க் தமிழ் இல்லாததுக்கு.

மே 24 காலையில கெஜட் திறந்துச்சு, அதுதான் கடைசி இதழ். "க்ரி து பெப்ல்" முந்தின நாளோட முடிஞ்சுது. 25ஆம் தேதி பழக்கத்துல காபியோட உக்காந்து காலண்டர விரிச்சேன். 25 தொட்டேன், திறக்கல. 26, 27, 28, எல்லாம் சும்மா நம்பரா நின்னுச்சு.